சாப்பாட்டு நேரத்து நகல்

சுந்தரவல்லிக்குச் சொந்த ஊர் கோவளம் குப்பம். அப்பா இறந்தபின் அம்மா கிளியம்மாள் மகளைக் கூட்டிக்கொண்டு இரும்புலியூருக்கு வந்து, சின்னதாக ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்து, தாம்பரம் மார்க்கெட்டில் மீன் விற்றாள். மகள் பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் டிப்ளமா முடித்தாள். திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில், இரும்புத் தகட்டை வெட்டி வளைத்து மின்பலகைப் பெட்டிகள் செய்யும் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. பில் போடுவதும், ஆபீஸ் கம்ப்யூட்டர்கள் படுத்துவிட்டால் எழுப்பிவிடுவதும் அவள் வேலை.

முதலாளி ஜெயவேலு முடிச்சூர்க்காரர். நெல் விளைந்த தன் பங்கு நிலத்தை மனை போட்டு விற்றுத்தான் கம்பெனி தொடங்கியிருந்தார். கம்ப்யூட்டரில் அவருக்குப் பெரிய நம்பிக்கை கிடையாது. ஆர்டர் தருகிறவர்கள் வரைபடத்தை மெயிலில்தான் அனுப்புவோம் என்றதால் வேறு வழியில்லாமல் வாங்கிப் போட்டிருந்தார். எல்லாம் விண்டோஸ். கேபிள் இழுத்து ஒன்றோடொன்று இணைத்திருந்தார்களே தவிர, அவரவர் கோப்பு அவரவர் கம்ப்யூட்டரில்தான் கிடந்தது.

2006 மழைக்காலத்தில் கரண்ட் போய்ப் போய் வந்ததில் வரைபட அறையில் ஒரு ஹார்ட் டிஸ்க் செத்துப்போனது. ஒரு பெரிய ஆர்டரின் வரைபடம் முழுக்க அதில்தான் இருந்தது. பழைய பிரிண்ட்களைத் தேடிப்பிடித்து, செய்து வைத்திருந்த பெட்டிகளையே அளந்து பார்த்து மறுபடி வரைந்தார்கள். வரைந்து முடிப்பதற்குள் வாடிக்கையாளர் வேறு இடம் பார்த்துக்கொண்டார்.

ஜெயவேலு சுந்தரவல்லியைக் கூப்பிட்டார். “இன்னொரு தபா இப்டி ஆச்சுன்னா கம்பெனிய இழுத்து மூட வேண்டியதுதான். எதனா வழி கீதாம்மா?”

வெளியிலிருந்து வந்த ஓர் ஆள் சொன்ன விலையைக் கேட்டு அவர் ஏற்கெனவே வேண்டாமென்று அனுப்பியிருந்தார். சுந்தரவல்லி ஸ்டோர் ரூமில் தூசி படிந்து கிடந்த ஒரு பழைய கம்ப்யூட்டரைக் கேட்டாள். ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போய் இரண்டு பெரிய ஹார்ட் டிஸ்க் வாங்கிவந்தாள். ஒன்று போனாலும் மற்றதில் அதே கோப்புகள் இருக்க வேண்டும் என்பது அவள் எண்ணம். விண்டோஸுக்குப் பதிலாகப் போடுகிற லினக்ஸ், கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடியில் அவளிடம் இருந்தது. அதை ஏற்றி, எல்லார் கோப்புக்கும் நகல் வைக்கும் சர்வராகப் பழைய கம்ப்யூட்டரை மாற்றப் பார்த்தாள்.

நினைத்தபடி எதுவும் உடனே நடக்கவில்லை. முதல் தடவை நெட்வொர்க் கார்டையே லினக்ஸ் கண்டுகொள்ளவில்லை. இண்டர்நெட்டில் முன்பின் தெரியாத யாரோ சொன்ன யோசனையில் அது சரியானது. நெட்வொர்க் வழியாக ஒவ்வொரு விண்டோஸ் கம்ப்யூட்டருக்கும் தானே போய், மாறிய கோப்புகளை மட்டும் நகலெடுத்துவரும் ஓர் இலவச மென்பொருளை ஏற்றினாள். ராத்திரி எடுக்கும்படி வைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள். காலையில் வந்து பார்த்தால் ஒரு கோப்பும் வரவில்லை. சாயங்காலம் கிளம்பும்போது எல்லாரும் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுப் போகிறார்கள் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. நேரத்தை மதியச் சாப்பாட்டு வேளைக்கு மாற்றினாள். திறந்திருக்கும் கோப்புகள் சரியாக வராது, மூடிவிட்டுச் சாப்பிடப் போங்கள் என்று ஒவ்வொரு மேஜையாகப் போய்ச் சொன்னாள். ஒரு வாரம் முணுமுணுத்தார்கள். பிறகு பழகிவிட்டது.

வரைபடப் பிரிவின் தலைவர் ஹரிபிரசாத் மட்டும் தன் கம்ப்யூட்டரைச் சர்வருக்குத் திறந்துவிட மறுத்தார். கம்பெனி தொடங்கிய நாளிலிருந்து இருப்பவர், அதிகம் பேசமாட்டார்.

“என் மெஷின்ல இருக்கிறதெல்லாம் அங்க வந்துட்டா நீ பாக்கலாம், இல்ல?” என்று கேட்டார்.

“பாக்கலாம் சார். பாக்க மாட்டேன்.”

அந்தப் பதிலில் அவருக்குத் திருப்தி இல்லை. வரைபடங்களை எடுத்துக்கொள், என் சொந்த ஃபோல்டரைத் தொடாதே என்றார். அவள் அப்படியே அதை நகலெடுப்பதிலிருந்து விலக்கி வைத்தாள்.

சில மாதங்கள் கழித்து, ஹரிபிரசாத் வேறு கம்பெனிக்கு வரைபடம் கொடுக்கிறார் என்று யாரோ ஜெயவேலுவின் காதில் போட்டார்கள். அவர் சுந்தரவல்லியைத் தனியாகக் கூப்பிட்டு, ஹரியின் சொந்த ஃபோல்டரில் என்ன இருக்கிறது என்று பார்த்துச் சொல்லச் சொன்னார். அது சர்வருக்கு வருவதில்லை என்றாள். இனிமேல் சேர்த்துக்கொள் என்றார்.

சுந்தரவல்லிக்கு இந்த வேலை போனால் அம்மாவின் மீன் கூடைதான் மிச்சம். “சேக்கறேன் சார். ஆனா ஹரி சார்கிட்ட சொல்லிட்டுத்தான் சேப்பேன்” என்றாள்.

“சரி, வுடு. நான் நேரா கேட்டுக்கறேன்” என்றார் ஜெயவேலு. கேட்டாரா இல்லையா என்பது அவளுக்குத் தெரியவில்லை. அதன்பின் அந்தப் பேச்சு எழவில்லை.

அடுத்த கோடையில் ஹரிபிரசாத்தின் ஹார்ட் டிஸ்க் கடகடவென்று சத்தம் போட்டு நின்றுவிட்டது. சுந்தரவல்லி புது டிஸ்க் மாட்டி, சர்வரிலிருந்து அவருடைய வரைபடங்களை எல்லாம் இறக்கினாள். முந்தின நாள் மதியம்வரை வரைந்தது அத்தனையும் இருந்தது. ஜெயவேலு எல்லாருக்கும் டீ வரவழைத்தார். ஹரிபிரசாத் டீயைத் தொடவில்லை. மற்றவர்கள் போனதும் அவள் மேஜைக்கு வந்தார்.

“அந்த ஃபோல்டர் எங்கயுமே இல்லையா?”

“இல்ல சார்.”

“பையன் பொறந்ததுலேர்ந்து எடுத்த போட்டோ. கேமரா மெமரி ரொம்பினதும் அதுல போட்டுட்டு கேமராவுல அழிச்சிடுவேன்.” பிறகு அவராகவே, “நான்தானே வேணாம்னேன்” என்று சொல்லிவிட்டுத் தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தார்.

டிஸ்க்கை மீட்டுத் தருகிறவர்களிடமும் அவள் கொடுத்துப் பார்த்தாள். உள்ளே சுழலும் தட்டு கீறிவிட்டது, ஒன்றும் வராது என்று திருப்பிக் கொடுத்தார்கள். அவர் சொன்னதைத்தான் செய்தோம் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் டிஸ்க் போனால் விலக்கிய ஃபோல்டரும் சேர்ந்து போய்விடும் என்று தான் அன்றைக்கு எடுத்துச் சொல்லவில்லை என்பதும் தெரியும். அதைப் பற்றி யாரிடமும் பேசவில்லை. வீட்டில் அவள் சாப்பிடாமல் சோற்றை அளைந்துகொண்டிருந்ததைப் பார்த்து, “இன்னாடி, வேல போயிட்ச்சா?” என்று மட்டும் கிளியம்மாள் கேட்டாள். இல்லையென்றதும் மீன்குழம்புச் சட்டியை அவள் பக்கம் தள்ளினாள்.

அடுத்த வாரம் சுந்தரவல்லி ஒவ்வொருவர் கம்ப்யூட்டரிலும் ஒரு பூட்டுப் பெட்டி மாதிரி ஒரே ஒரு கோப்பை உருவாக்கிக் கொடுத்தாள். சொந்தப் படம், கடிதம் எல்லாம் அதற்குள். பாஸ்வேர்டு அவரவருக்கு மட்டும்தான் தெரியும். சர்வர் பெட்டியை அப்படியே நகலெடுக்கும், திறக்க அதனாலும் முடியாது, அவளாலும் முடியாது. பாஸ்வேர்டை மறந்தால் யாராலும் முடியாது என்பதையும் இந்தத் தடவை நன்றாக உறைக்கும்படி சொன்னாள். ஹரிபிரசாத் முதல் ஆளாகப் போட்டுக்கொண்டார். ஜெயவேலுவிடம் போய் விஷயத்தைச் சொன்னபோது, “இனிமே எதயும் பாக்க முடியாதுன்ற” என்றார். ஆமாம் என்றாள். அவர் பேப்பரை எடுத்து விரித்துக்கொண்டார்.

பக்கத்து ஷெட்காரர்கள் கேள்விப்பட்டு வந்து கேட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ச் செய்துகொடுத்தாள். 2009இல் வேலையை விட்டுவிட்டு, மேற்குத் தாம்பரத்தில் ஒரு மாடியறையைப் பிடித்து அதையே தொழிலாக்கிக்கொண்டாள். எந்தக் கம்பெனிக்குப் போனாலும் மிஷினைத் தொடுவதற்கு முன் உட்கார்ந்து கேட்பாள், எதையெல்லாம் விலக்க வேண்டும் என்று. விலக்கச் சொன்னதைத் திருப்பி ஒரு தடவை சொல்லி, இது போனால் போனதுதான், பரவாயில்லையா என்பாள். பாதிப் பேர் யோசித்துச் சேர்த்துக்கொள்ளச் சொல்வார்கள். மீதிப் பேர் பரவாயில்லை என்பார்கள். அவள் அதை விட்டுவிட்டு வேலையைத் தொடங்குவாள்.