லீவு விட்டால் எங்கே போவது?

போன வாரம் பக்கத்து வீட்டுப் பெண் லட்டுப் பெட்டியோடு வந்தாள். பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்துவிட்டதாம். கூடவே அவளுடைய அப்பா, அம்மா, ஒரு சித்தி.

எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். எனக்குப் புரிந்தவரை சந்தோஷம் பாதி, கவலை பாதி. சாப்பாடு எப்படி இருக்குமோ, சீனியர்கள் படுத்துவார்களோ, குளிக்கச் சுடுதண்ணீர் உண்டோ... பெண்ணுக்கு மட்டும் கவலை வேறு.

"ஆன்டி, லீவு ரொம்பக் குறைவாமே? அடிக்கடி வீட்டுக்கு வர விடுவாங்களா?"

"கவலைப்படாதே. லீவு விட்டா ஹாஸ்டலைப் பூட்டி வெளியே அனுப்பிடுவாங்க" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அவர்கள் போன பிறகு சிரிப்பு வரவில்லை. லட்டுப் பெட்டியை மூடி வைத்தேன்.

பூட்டி வெளியே அனுப்புவார்கள்... எங்கே? வீட்டுக்குத்தான். லீவு விட்டால் பிள்ளைகள் வீட்டுக்குப் போவார்கள். இதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது?

எனக்கு இருந்தது.

வாராவாரம் இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களுக்கு நான் பேராதனையில் படித்தவள் என்பது தெரியும். இலங்கை மலைநாட்டில், றொசல்லவுக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவள் என்பதும் தெரியும். இரண்டுக்கும் நடுவே நடந்ததை மட்டும் நான் எழுதியதில்லை. ரசித்துப் படிக்க அதில் ஒன்றும் இல்லை, அதனால்தான்.

அப்பா பெயர் சூசை. தேயிலை ஃபேக்டரியில் வேலை. அம்மா சவேரியம்மா கொழுந்து பறிப்பவள். தொழிலாளர்களுக்கென்று கட்டிய வரிசை வீடுகள்தான் லயம். எங்களுக்கு அதில் ஒரு காம்பரா. அதாவது ஒரே ஓர் அறை. அதிலேயே அடுப்பு, அதிலேயே படுக்கை, அதிலேயே மாதா படம். எனக்கு முன்னால் பிறந்தவை தங்கவில்லை. நான் மட்டும்தான் மிஞ்சினேன்.

பூசைக்குப் போன இடத்தில் நான் ஜெபப் புத்தகத்தைத் தடுக்காமல் வாசிப்பதை ஒரு கன்னியாஸ்திரி கேட்டுவிட்டார். அப்படித்தான் ஹட்டனில் கான்வென்ட் படிப்பு, அங்கேயே போர்டிங். சின்னப் பிள்ளையாக லீவுக்கு லயத்துக்கு வருவேன், போவேன். யாரும் கவனித்ததில்லை. பிறகு ஒரு நாள் பல்கலைக்கழகப் பிரவேசப் பரீட்சை. எழுதினேன். கிடைத்துவிட்டது. அறுபதுகளின் தொடக்கம் அது.

செய்தியைச் சொல்ல ஓடினேன். அம்மா கொழுந்து நிறுக்கிற மடுவத்தில், கூடையோடு வரிசையில் நின்றாள்.

"அம்மா, பேராதனை யூனிவர்சிட்டியில எடம் கெடச்சிருச்சு!"

அம்மா நெற்றியிலிருந்த கூடைக் கயிற்றைத் தளர்த்திக்கொண்டு கேட்டாள். "அங்க சோறு போடுவாங்களா?"

"போடுவாங்கம்மா."

"மூணு வேளையுமா?"

"மூணு வேளையும்."

"அப்ப போ தாயி."

எங்கள் வீட்டில் உயர்கல்வி பற்றி நடந்த ஆலோசனை இவ்வளவுதான்!

அப்பா அப்படி இல்லை. அவருக்குப் பெருமை தாங்கவில்லை. ஃபேக்டரியில் சொன்னார், கடையில் சொன்னார், கடைசியில் கணக்கப்பிள்ளையிடமும் சொன்னார். "தொரை காதுலயும் போட்டுருங்கய்யா. கேட்டா சந்தோசப்படுவாரு" என்றாராம். கணக்கப்பிள்ளை போட்டுவிட்டார்.

பேராதனை... அதன் அழகைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். எனக்கு முதலில் ஞாபகம் வருவது கட்டில். எனக்கே எனக்கென்று ஒரு கட்டில்! போர்டிங்கிலும் பாய்தான். அதில் தூக்கம் வராமல் தரையில் பாயை விரித்தேன். அறைத்தோழி ஒரு கொழும்பு டாக்டரின் மகள். நல்ல பெண். முதல் நாளே கேட்டாள்.

"உன் அப்பா என்ன செய்கிறார்?"

"தேயிலை."

"ஓ, எஸ்டேட்டா? பெரிசா?"

"ஒரு காம்பரா" என்றேன்.

அவளுக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தபோது மிகவும் அன்பாக நடந்துகொண்டாள். தேவைக்கு அதிகமான அன்பு. அவள் கொடுத்த ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு நடக்கும்போதெல்லாம் என்னை யாரோ பார்ப்பதுபோலவே இருக்கும்.

ஒரு வகுப்பில் நாட்டின் பொருளாதாரம் பற்றிப் பாடம். விரிவுரையாளர் தேயிலை என்று எழுதி, அதற்குக் கீழே நிலம், மூலதனம், தொழிலாளர் என்று எழுதினார். அந்தக் கடைசிச் சொல்லுக்குள் அப்பா இருந்தார், அம்மா இருந்தாள். டஸ்டரால் துடைத்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போனார். அவர்மேல் குற்றமில்லை. போர்டில் இடம் வேண்டுமே!

முதல் லீவு வந்தது. விடுதியைப் பூட்டினார்கள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். வந்து இரண்டொரு நாள்தான். கணக்கப்பிள்ளை லயத்து வாசலில் வந்து நின்றார்.

"சூசை, மகளயும் கூட்டிக்கிட்டு ஆபீசுக்கு வா. தொரை கூப்புடுறாரு."

அப்பா சலவைச் சட்டையைப் போட்டுக்கொண்டார். பாராட்டத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்தார், பாவம்.

துரை, அதாவது தோட்டத்து மேனேஜர், வெள்ளைக்காரர். எங்களோடு பேசவென்று ஒரு தமிழ் வைத்திருந்தார். அதில் கட்டளை மட்டும்தான் உண்டு.

"சூசை, இது ஒன் மக? பெரிய ஆள் ஆச்சி. ஏன் பேர் பதியல்ல?"

பேர் பதிவது என்றால் செக்ரோலில் தொழிலாளியாகச் சேர்வது. அப்பா என் பக்கம் திரும்பினார். நான் ஆங்கிலத்தில் பதில் சொன்னேன். பேராதனையில் படிக்கிறேன், லீவுக்கு வந்திருக்கிறேன், லீவு முடிந்ததும் போய்விடுவேன்.

துரை நிமிர்ந்து பார்த்தார். உடனே அவரும் ஆங்கிலத்துக்கு மாறினார். குரல்கூட மாறியது. என்னைப் பாராட்டினார். உண்மையாகவே பாராட்டினார் என்றுதான் நினைக்கிறேன். பிறகு அதே குரலில் சொன்னார்: லயம் வேலை செய்கிறவர்களுக்கு. வேலை செய்யும் வயதில் உள்ள ஒருவர் அங்கே சும்மா இருக்க முடியாது.

"நான் சும்மா இல்லை சார். படிக்கிறேன்."

"தோட்டத்துக்கு இரண்டும் ஒன்றுதான்" என்றார். உனக்கு விட்டுக்கொடுத்தால் நாளைக்கு எல்லோரும் கேட்பார்கள். ஒன்று, பேர் பதிந்து கொழுந்து பறிக்க வேண்டும். அல்லது, தோட்டத்தைவிட்டு வெளியே போக வேண்டும். இரண்டும் இல்லையென்றால் அப்பாவுக்குப் பத்துச்சீட்டு. அதாவது, வேலையும் போகும், காம்பராவும் போகும்.

அவர் கோபப்படவே இல்லை. கோபப்பட்டிருந்தால் பதிலுக்கு நானும் கோபப்பட்டிருப்பேன்.

அப்பாவுக்குத் தமிழில் சொன்னேன். "பரவாயில்லப்பா. லீவு மட்டும்தானே? பேரைப் பதிஞ்சிர்றேன். அம்மாகூடப் போய் கொழுந்து எடுக்கறேன்."

அப்பா துரைக்கு முன்னால் குரல் உயர்த்தி நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.

"வேணாம்! கூடைய ஒருக்கா தலையில மாட்டிட்டா அப்பறம் எறக்க விடமாட்டாங்க. நீ வெளிய போ தாயி."

அன்றைக்கே பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஹட்டனுக்குப் போனேன். கான்வென்டில் ஒரு மூலையில் இடம் கொடுத்தார்கள். பல்கலைக்கழகத்துக்குள் போவதுதான் கஷ்டம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எங்களைப் போன்றவர்களுக்கு அங்கிருந்து திரும்பி வருவது அதைவிடக் கஷ்டம். இதை எந்தப் பரீட்சைக்கும் யாரும் சொல்லித் தருவதில்லை.

சரி, அப்பா அம்மாவை எங்கே பார்ப்பது?

வழி கண்டுபிடித்தவள் அம்மா. றொசல்ல ஸ்டேஷன்! ரயில்வே நிலம் துரையுடையது இல்லை. லீவு நாட்களில் ஞாயிற்றுக்கிழமை தோறும் நான் ஹட்டனிலிருந்து ரயிலில் வந்து இறங்குவேன். அவர்கள் தோட்டத்திலிருந்து நடந்து வருவார்கள். பிளாட்பாரத்து பெஞ்சுதான் எங்கள் வீடு. அம்மா துணியில் சுற்றி ரொட்டியும் கட்டச் சம்பலும் கொண்டுவருவாள்.

தோட்டத்தைக் காவல் காக்கும் வாச்சர் சில நாள் மேட்டில் நின்று எங்களைப் பார்ப்பான். அம்மா பயப்பட மாட்டாள். "பாத்தா பாக்கட்டும். இது கவுருமெண்டு எடம்" என்பாள். அதைச் சொல்லும்போது முதுகை நிமிர்த்திக்கொள்வாள்.

பேச வேண்டியதையெல்லாம் வாரம் முழுக்கச் சேர்த்து வைத்திருப்பேன். அம்மா வந்து உட்காருவாள், நான் சாப்பிடுவதைப் பார்ப்பாள், அப்படியே என் மடியில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிடுவாள். வாரமெல்லாம் மலையேறி இறங்கிய உடம்பு. ஓய்வென்று இருந்தது அந்த ஒரு பகல்தான். அதையும் எனக்குக் கொடுக்க நடந்து வருவாள். வந்தால் தூங்காமல் என்ன செய்வாள்?

ஸ்டேஷன் மாஸ்டர் சிங்களவர். ரயில் வரும் நேரத்தில் ஒரு தடவை நான் அம்மாவை உலுக்கினேன். அவர் கையைக் காட்டித் தடுத்தார். "எழுப்ப வேணாம். ட்ரெயின் லேட். அம்மா தூங்கட்டும்."

பட்டப்படிப்பில் பாதியை நான் நூலகத்தில் படித்தேன் என்றால், மீதியை அம்மாவின் தலை மடியில் இருக்க, அசையாமல் அந்த பெஞ்சில் படித்தேன்.

இறுதிப் பரீட்சைக்கு முந்திய லீவு. ஒரு ஞாயிறு அப்பா மட்டும் வந்தார்.

"அம்மா எங்கப்பா?"

"சளி. நனைஞ்சிட்டா. அடுத்த கெழம வருவா."

அடுத்த ஞாயிறும் தனியாகவே வந்தார். சளிதான் என்றார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். நான் ரொட்டியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நடந்தேன்... ரயிலுக்கு இல்லை, தோட்டத்துப் பாதையில்.

"வேணாம் தாயி... சொன்னாக் கேளு... தொரைக்குத் தெரிஞ்சா..."

நான் நிற்கவில்லை. கொஞ்ச தூரம் சொல்லிக்கொண்டே வந்தவர் பிறகு என்னோடு சேர்ந்து நடந்தார்.

காம்பராவில் அம்மா சுருண்டு கிடந்தாள். மூச்சு விடும் சத்தம் வாசலுக்குக் கேட்டது. டிஸ்பென்சரி மிக்ஸ்சர் போத்தல் தலைமாட்டில் இருந்தது. என்னைப் பார்த்ததும் முகம் மலரவில்லை. பயம்தான் வந்தது.

"நீ எதுக்கு இங்க வந்த? யாராச்சும் பாத்துட்டாங்களா?"

"யாரும் பாக்கலம்மா."

லயம் முழுக்கப் பார்த்திருந்தது. அடுத்த நாள் கணக்கப்பிள்ளையும் வாசலோடு போகும்போது என்னைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. ஒவ்வொரு காலையும் வாச்சருக்காகக் காத்திருந்தேன். யாரும் வரவில்லை. துரைக்கும் இரக்கம் உண்டு போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த நாட்களில்தான் அம்மாவும் நானும் பேசினோம். அவள் தூங்கவில்லை. இருமலுக்கு நடுவே, கல்யாணமாகி இந்த லயத்துக்கு வந்த கதை, தங்காமல் போன பிள்ளைகளின் பெயர்கள், எல்லாம் சொன்னாள். "மூணு வேளையும் போடுறாங்களா?" என்று இன்னொரு முறை கேட்டாள். மழை விடாமல் பெய்த ஒரு பிற்பகலில் போய்விட்டாள்.

தேயிலைக்கு நடுவில் அடக்கம் செய்துவிட்டுத் திரும்பும்போது கணக்கப்பிள்ளை என் பக்கத்தில் வந்து நடந்தார்.

"ஏம்மா, சாமான் சட்டெல்லாம் எங்க கொண்டு போறதா உத்தேசம்?"

எனக்குப் புரியவில்லை.

"ஒங்கப்பா சொல்லலியா? நீ வந்த மறுநாளே ஆபீசுக்கு வந்து, 'நானே வேலைய விட்டுர்றேன், பத்துச்சீட்டு எழுதிருங்க, எம் பொஞ்சாதி கண்ண மூடற வரைக்கும் எம் மகள யாரும் கேக்கக் கூடாது'ன்னு தொரைக்கிட்டச் சொன்னாரும்மா. தொரையும் சரின்னாரு. மாசக் கடைசி வரைக்கும் ஒங்கள யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க."

அப்பா முன்னால் நடந்துகொண்டிருந்தார். ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தேன்.

"ஏம்ப்பா?"

"அவ ஒன்னப் பாக்கணும்னு கெடந்தா. வேற என்னா செய்யச் சொல்ற?" என்றார். பிறகு, "கொட்டகலையில மூட்ட தூக்குனாலும் சோறு கெடைக்கும். நீ போயி பரிச்சைய எழுது" என்றார்.

எழுதினேன். என்ன எழுதினேன் என்று தெரியாது. பாஸானேன். என்னிடம் எதிர்பார்த்த கிளாஸ் வரவில்லை. ஏன் என்று விரிவுரையாளர் கேட்டார். காய்ச்சல் என்று சொல்லிவிட்டேன்.

பட்டமளிப்பு நாள். அறைத்தோழியின் அப்பாவும் அம்மாவும் காரில் வந்து இறங்கினார்கள். கொட்டகலை பஜாரில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த என் அப்பா காலை ரயிலில் வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். மண்டபத்தில் என் பெயரைக் கூப்பிட்டபோது கூட்டத்தில் அவரைத் தேடினேன். காணவில்லை.

கவுனோடு வெளியே ஓடினேன். பிரதான வாசலுக்கு அப்பால், ரோட்டு ஓரத்து மரத்தடியில் நின்றுகொண்டிருந்தார். அதே சலவைச் சட்டை. காலையிலிருந்து அங்கேயே நின்றிருக்கிறார்.

"உள்ள வந்திருக்கலாமேப்பா! ஏன் இங்கயே நிக்கிறீங்க?"

அப்பா வாசலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நான் உள்ள வந்து, அதுனால ஒனக்கு இங்கயும் எடமில்லாம போயிட்டா?"

நான் திரும்பிப் பார்த்தேன். அந்த வாசலில் காவலுக்கென்று ஒருவருமே இல்லை.