புற்றுநோய் குறைந்த வருடம்

"போன வருசம் உங்கடை பக்கத்திலை புற்றுநோய் குறைஞ்சிருக்கு, நல்ல விசயம்" என்று அந்தப் பெரிய உத்தியோகத்தர் சொன்னபோது எனக்கு விசர் பிடித்தது. கொரோனா வந்த வருடத்துக்கு அடுத்த வருடம் நடந்த கூட்டம் அது. மேசையில் வடையும் தேத்தண்ணியும் இருந்தன. ஊரடங்கில் சனம் கடைச் சாப்பாட்டை விட்டுவிட்டு வீட்டுச் சோறு தின்றதாம், வாகனப் புகை இல்லையாம், அதனால்தானாம். சுற்றி இருந்தவர்கள் தலையாட்டினார்கள். அவர் கையில் இருந்த அட்டவணையைத் தயாரித்தவள் நான்.

குடாநாட்டு ஆஸ்பத்திரி ஒன்றின் பதிவுப் பகுதியில் எனக்கு வேலை. புதிதாகப் புற்றுநோய் என்று உறுதியான ஒவ்வொருவருக்கும் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். வயது, ஊர், எந்த உறுப்பு, எவ்வளவு முற்றியிருக்கிறது, எல்லாம் எழுத வேண்டும். சதைத்துண்டைப் பரிசோதித்து அறிக்கை வந்தால்தான் ஓர் ஆள் என் படிவத்துக்குள் வருவார். ஆஸ்பத்திரிப் பக்கமே வராத ஆளுக்கு நோயே இல்லை என்றா அர்த்தம்? கோதாரி விழுந்த அந்த வருடத்தில் கிளினிக்குகள் பூட்டிக் கிடந்தன. பஸ் ஓடவில்லை. சத்திரசிகிச்சைகளைத் தள்ளிப் போட்டார்கள். என் மேசைக்கு வருகிற அறிக்கைகள் குறைந்துகொண்டே போயின. கட்டியை வைத்துக்கொண்டு எத்தனை பேர் வீட்டில் இருந்தார்களோ தெரியாது. ஒருத்தியை எனக்குத் தெரியும். அவள் என் அக்கா.

அக்கா உடுப்பிட்டியில் மகளோடு இருந்தாள். அத்தான் எப்போதோ இறந்துவிட்டார். முதல் ஊரடங்கின்போது போன் எடுத்து, கிணற்றடியில் குளிக்கும்போது இடது மார்பில் ஏதோ தட்டுப்பட்டதாகச் சொன்னாள். கடலை அளவுதான், நோவும் இல்லை என்றாள். ஊரடங்கைத் தளர்த்தின அன்றைக்கே வா என்றேன். வரவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனால் மூக்குக்குள் குச்சி விடுவார்கள், கொரோனா என்று வந்தால் வீட்டையே பூட்டி, கேற்றில் நோட்டீஸ் ஒட்டுவார்கள், ஊரெல்லாம் கதை பரவும் என்று பயந்தாள். அதைவிடப் பெரிய பயம் வேறு. மகளுக்குச் சாவகச்சேரியில் ஒரு சம்பந்தம் சரிவந்திருந்தது.

"தாய்க்குக் கான்சர் எண்டு தெரிஞ்சால் உவங்கள் திரும்பியும் பாக்கமாட்டாங்கள். கலியாணம் முடியட்டும், வாறன்" என்றாள். மகளுக்கு மூச்சும் விடக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினாள். நானும் செய்து கொடுத்தேன். தினமும் முற்றிய கட்டிகளைப் பற்றிப் படிவத்தில் எழுதுகிறவள் நான், அவள் சத்தியம் கேட்டவுடன் மண்டையை ஆட்டினேன். இப்போது நினைத்தாலும் என்னை நானே அறைய வேண்டும் போல் இருக்கிறது.

அக்காவுக்குச் சலரோகமும், அதுதான் சீனி வருத்தம், இருந்தது. அதற்கான குளிசைகள் ஆஸ்பத்திரியிலிருந்து மாதாமாதம் தபாலில் தவறாமல் வந்தன. அந்த ஏற்பாட்டை எல்லாரும் மெச்சினார்கள். கட்டிக்கு எதைத் தபாலில் அனுப்புவது? கலியாணத்துக்கு ஆட்கள் கூடக்கூடாது என்று சட்டம் வர, நாளை இரண்டு தடவை மாற்றினார்கள். கடைசியில் நாலு சனத்தோடு தாலி கட்டியபோது கட்டி உடைந்து புண்ணாகியிருந்தது. அக்கா சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நின்றாள். சலரோகப் புண், ஆறுது இல்லை என்று மகளிடம் சொன்னாள். மகள் சாவகச்சேரிக்குப் போன சில மாதங்களில் மூச்சு வாங்கத் தொடங்கி, அக்கா வீட்டிலேயே போய்விட்டாள்.

மரணத்தைப் பதிய கிராம சேவகர் வந்தார். மாஸ்க்கைக் கழற்றாமல் கேற்றடியில் நின்று, என்ன வருத்தம் என்று கேட்டார். சம்பந்தி வீட்டார் முற்றத்தில் நின்றார்கள். அக்காவின் மகள், என் பெறாமகள், உள்ளே அழுதுகொண்டிருந்தாள்.

"சலரோகம்" என்றேன். அக்காவின் கிளினிக் கொப்பியையும் எடுத்து நீட்டினேன். அவர் எழுதிக்கொண்டார். என் வாய் அழுகிப் போக!

அதனால்தான் அந்தக் கூட்டத்தில் எனக்கு அப்படி எரிந்தது. எழும்பி, குறைந்தது நோய் இல்லை ஐயா, ஆஸ்பத்திரிக்கு வந்த ஆட்கள்தான் என்றேன். அவர் கோபிக்கக்கூட இல்லை.

"ஆதாரம் இருந்தால் காட்டுங்கோ, பிள்ளை. பதிவிலை இல்லாததை வைச்சு நான் கதைக்கேலாது."

என்ன ஆதாரத்தைக் காட்ட? என்னிடம் இருந்த ஒரே ஆதாரத்தை நானே சலரோகம் என்று பதிய வைத்திருந்தேன். திரும்பவும் உட்கார்ந்தேன். அவர் வடையைக் கடித்தார். அட்டவணை அப்படியே மேலே போனது.

போன வருடம் பெறாமகள் கைக்குழந்தையோடு எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். மார்பில் ஒரு கட்டி. அவளோடு நானும் டொக்டரின் அறைக்குள் போனேன். டொக்டர் தொட்டுப் பார்த்துவிட்டு, பால் கட்டியாகத்தான் இருக்கும், பயப்பட வேண்டாம் என்றார். குடும்பத்தில் யாருக்கும் மார்பகப் புற்றுநோய் இருந்ததா என்று கேட்டார்.

அவள் இல்லை என்றாள். அவளுக்கு எப்படித் தெரியும்?

"இருந்தது, டொக்டர். இவவின்ரை அம்மாவுக்கு" என்றேன்.

டொக்டர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். வேறொன்றும் கேட்காமல் உடனே ஸ்கேனுக்கு எழுதித் தந்தார். ஸ்கேனில் ஒன்றும் இல்லை, அது வெறும் பால் கட்டிதான். அன்றைக்கே தெரிந்துவிட்டது. ஆனால் அந்த முடிவு வரும்வரை வெளியே வாங்குப் பலகையில் இருவரும் இருந்த நேரம் இருக்கிறதே, அதை என் எதிரிக்கும் கொடுக்க மாட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். கிணற்றடி, சத்தியம், கேற்றடியில் நான் சொன்ன பொய், எல்லாம். அவளுடைய கலியாணத்துக்காகத்தான் என்றும் சொன்னேன்.

பெறாமகள் குழந்தையை மற்றத் தோளுக்கு மாற்றினாள்.

"எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால், அந்தக் கலியாணத்தை நிப்பாட்டிப்போட்டு அம்மாவை இஞ்சை கூட்டிக்கொண்டு வந்திருப்பன், சின்னம்மா."

அன்றைக்குப் பிறகு அவள் என் வீட்டுக்கு வரவில்லை.