திரு. மெல்ரோய் ஒப்புக்கொண்ட ஈர மூட்டைகள்

உத்திரமேரூர் நீதிமன்ற வளாகத்தில் ஒரு வாய்தாவுக்காகக் காத்திருந்தபோது, திரு. ஏட்ரியன் மெல்ரோய் அவர்கள் சிங்கப்பூரில் காலமான செய்தி என் கைப்பேசிக்கு வந்தது. அனுப்பியவர்கள் அவருடைய அலுவலகத்தார். ஆகவே ஐயத்துக்கு இடமில்லை.

ஸ்காட்லாந்தில் பிறந்து, இளம் வயதிலேயே ஹாங்காங் வந்து, பிறகு சிங்கப்பூரில் நிலைத்தவர். கப்பல் சரக்கு, ஏற்றுமதி ஒப்பந்தம் என்று வணிகச் சட்டத்திலேயே ஆயுளைக் கழித்தவர். அவருடைய பெரிய வெற்றிகளைக் கேட்டறிந்திருக்கிறேன். அவற்றுக்கு நான் சாட்சி அல்லேன். நேரில் கண்ட ஒரு வழக்கை மட்டும் இங்கே சொல்கிறேன்.

காவாந்தண்டலத்தில் அரிசி ஆலை நடத்தும் ஏகாம்பரம் அனுப்பிய புழுங்கலரிசி முழுவதையும், ஈரம் என்று கூறிச் சிங்கப்பூர் வணிகர் ஒருவர் நிராகரித்துவிட்டார். ஒப்பந்தப்படி வழக்கு அங்குள்ள நடுவர்கள் முன் சென்றது. தோற்றால் ஆலை வங்கிக்குப் போய்விடும். உள்ளூர் வழக்கறிஞர் நான். அங்கு வாதாட நாங்கள் அமர்த்தியவர் மெல்ரோய்.

ஆலையைப் பார்க்காமல் வாதாட மாட்டேன் என்று அவர் நேரிலேயே வந்தார். நெற்களத்தில் நாற்காலி போடச் சொல்லி, அதில் ஏகாம்பரத்தை உட்கார வைத்தார்.

"இப்போது நீங்கள்தான் அந்த வணிகர். ஏகாம்பரத்தின் மீது என்ன குற்றம் உண்டோ, விடாமல் சொல்லுங்கள்."

எந்தக் கட்சிக்காரரையும் முதலில் எதிர்த்தரப்பாகப் பேச வைப்பது அவர் வழக்கமாம். நான் மொழிபெயர்த்தேன்.

"இன்னா சார் இது, கூத்தா?" என்று சிரித்தார் ஏகாம்பரம்.

"திட்டறதுக்கு நம்ம மொதலாளிக்குச் சொல்லியா தரணும்?" என்றார் மேஸ்திரி கன்னியப்பன்.

கூச்சம் தெளிந்ததும் ஏகாம்பரத்துக்கு வேகம் வந்துவிட்டது. "யோவ் ஏகாம்பரம்! மானங்கீதாய்யா உனக்கு? கடைசி லாரில லோடு ஏத்தசொல்ல மழ பேஞ்சிச்சே, தார்ப்பாயி கிழிஞ்சிக்கினு கெடந்துச்சே, எவனுக்கும் தெரியாதுன்னு நெனச்சிக்கினியா?"

சொல்லி முடித்த பிறகே அவருக்கு உறைத்தது. "வக்கீல் சார், அத்த மட்டும் இவருக்குச் சொல்லாதீங்க. மில்லு பூடும்."

"நம் வழக்கறிஞரிடம் மறைக்கக் கூடாது" என்று கூறி, சொற்பிசகாமல் மொழிபெயர்த்தேன்.

மெல்ரோய் கோபப்படவில்லை. "இதை நாமே முதலில் ஒப்புக்கொள்வோம்" என்றார்.

"ஒத்துக்கினா மொத்தமும் பூடாதா?"

"போகலாம். முடிவு உங்களுடையது. ஆனால் மறைத்துத்தான் வாதாட வேண்டும் என்றால், வேறு வழக்கறிஞரைப் பாருங்கள்."

அந்தக் கடுமை எனக்கும் சற்று அதிகமாகவே பட்டது. ஏகாம்பரம் மறுநாள்தான் சம்மதித்தார்; அதுவும் முகம் கொடுக்காமல்.

சிங்கப்பூரில் நானும் உடனிருந்த விசாரணை தொடங்கியதும் மெல்ரோய் எழுந்து அந்த ஒரு லாரி மூட்டைகளைத் தாமே ஒப்புக்கொண்டார். எதிர்த்தரப்பினர் காட்டிய ஈர மாதிரிகள் அத்தனையும் அதே மூட்டைகளிலிருந்து எடுக்கப்பட்டவை என்பதைப் பிறகு நிதானமாக நிறுவினார். மற்ற சரக்கை அவர்கள் பிரித்தே பார்க்கவில்லை. நடுவர்கள் அந்த லாரிக்கு மட்டும் இழப்பீடு விதித்து, எஞ்சியதற்கு முழு விலையும் தரச் சொன்னார்கள். ஆலை தப்பியது.

செய்தி வந்த அன்று மாலை காவாந்தண்டலம் சென்றேன். கேட்டதும் ஏகாம்பரம் தோள்துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். மரியாதைக்காகச் சிறிது நேரம் இயந்திரத்தை நிறுத்தலாமா என்றேன்.

"வேணாம் சார். இது ஓடணும்னுதானே அந்த மனுசன் அம்மாந்தூரத்துலேருந்து வந்தாரு? ஓடட்டும்."

அந்த இரைச்சலுக்கு நடுவிலேயே, அரிசி கொட்டுகிற வாயருகே இருவரும் கைகூப்பி நின்றோம்.

சென்று வாருங்கள், ஐயா.