சம்பந்தியின் வேன் வேண்டாமென்று சொல்லிக் கண்டிக்குப் போன கதை

கட்டுநாயக்க விமான நிலையத்தில் இறங்கி, கண்டி டவுனுக்குள் இருக்கும் ஹோட்டலுக்கு எப்படிப் போவது? பஸ்ஸா, ரயிலா, வாடகைக் காரா? நாங்கள் போய் வந்ததிலிருந்து இதையே நாலு பேர் கேட்டுவிட்டார்கள். தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் மொத்தமாக எழுதிவிடுகிறேன். காரிலும் ரயிலிலும் ஒரே நாளில் போன ஆள் நான். நாலாவதாக ஒரு வழியும் எனக்கு இருந்தது. அதை வேண்டாமென்று சொன்ன வீராப்பில்தான் மற்றதெல்லாம் நடந்தது.

என் தம்பி குமரன் தோஹாவில் வேலை பார்க்கிறான். கூட வேலை செய்யும் தர்ஷினியைப் பிடித்துப்போயிற்று. தர்ஷினிக்குச் சொந்த ஊர் கண்டி. அவளுடைய அப்பா முத்தையா கலஹா பக்கம் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர், இப்போது கண்டியில் ஹார்ட்வேர் கடை வைத்திருக்கிறார். எங்கள் அப்பா இல்லை. எனவே நிச்சயதார்த்தத்தில் அப்பா இடத்தில் நின்று தாம்பூலத் தட்டு மாற்ற வேண்டியவன் நான். போன ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கண்டி ஹோட்டல் ஒன்றில், மாலை மூன்றேகாலிலிருந்து நாலேகாலுக்குள் என்று நேரம் குறித்தாயிற்று. நாலரைக்கு ராகு காலம் பிடித்துவிடும். அந்த முகூர்த்தம் தவறினால் அடுத்தது தை பிறந்த பிறகுதான்; குமரனுக்கோ புதன்கிழமை திரும்பியாக வேண்டும்.

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு முத்தையா போன் பண்ணினார்.

“தம்பி, நம்ம வேன் சும்மாதான் நிக்குது. நானே ஏர்போட்டுக்கு வந்து ஏத்திக்கிட்டு வந்துர்றேன்.”

நல்ல மனுஷர். ஆனால் எங்கள் திருச்சிப் பக்கத்தில், தட்டு மாற்றுவதற்கு முன்னால் பெண் வீட்டு வண்டியில் போய் இறங்கினால் ஊர் சிரிக்கும் என்பார்கள். நான் அந்தச் சட்டத்தை எங்கேயும் படித்ததில்லை. இருந்தாலும் பிடித்துக்கொண்டேன். “வேண்டாங்க ஐயா, நாங்களே வந்துடறோம்” என்றேன். என் மனைவி கலைவாணி பக்கத்தில் நின்று தலையில் அடித்துக்கொண்டாள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். விமானம் காலை ஒன்பதே காலுக்கு இறங்கியது. பெட்டி எடுத்து, பணம் மாற்றி, போனுக்கு சிம் போட்டு வெளியே வரும்போது மணி பத்தே கால். தூரம் ஏறத்தாழ நூற்றுப் பத்துக் கிலோமீட்டர். பஸ் என்றால் விமான நிலையத்துக்கு வெளியே உள்ள பஸ் நிலையம் வரை போய் கண்டி பஸ் பிடிக்க வேண்டும். செலவு ஆளுக்கு ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்துவிடும், ஆனால் பெரிய பெட்டியை மடியில் வைத்துக்கொள்ளத் தயாராக இருக்க வேண்டும். ரயில் என்றால் முதலில் கொழும்பு கோட்டைக்குப் போக வேண்டும்; எங்கள் நேரத்துக்கு ஒத்துவரவில்லை. உள்ளே இருந்த டாக்ஸி கவுண்டரில் இருபத்து நாலாயிரம் கேட்டார்கள் (எல்லாமே இலங்கை ரூபாய், பயந்துவிடாதீர்கள்). போன் ஆப்பில் ஒரு சின்னக் கார் பதினேழாயிரத்துக்குக் கிடைத்தது. ஏழாயிரம் மிச்சம் பிடித்த பெருமையில் நான் முன் சீட்டில் ஏறிக்கொண்டேன்.

டிரைவர் ரிஸ்வான் மாவனல்லைக்காரர். முப்பது வயசிருக்கும். தமிழில் பேசிக்கொண்டே ஓட்டினார். கேகாலை வரை எல்லாம் சுகம். அன்னாசிக் கடைகள், முந்திரிக் கடைகள், ரோட்டோரம் வெயிலில் காயும் பள்ளிக்கூட வெள்ளை யூனிபார்ம்கள் என்று பார்த்துக்கொண்டே போனோம். கேகாலைக்கு அப்புறம் மலை தொடங்கியது. வளைவு தொடங்கியது. பின் சீட்டில் பேச்சு நின்றுபோயிற்று.

கலைவாணிக்கு மலைப்பாதை ஆகாது என்பது எனக்குக் கல்யாணமான புதிதிலேயே தெரியும். கொடைக்கானலில் தெரிந்துகொண்டேன். அதை எப்படி மறந்தேன் என்று கேட்காதீர்கள், அவள் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள். மூன்று இடத்தில் காரை நிறுத்தி இறங்கினாள். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் வேறு, லாரிக்குப் பின்னால் லாரி. கடுகண்ணாவை என்ற ஊரின் ஏற்றத்தில் ஊர்ந்துகொண்டிருக்கும்போது பானெட்டிலிருந்து இட்லிப் பானை மாதிரி ஆவி கிளம்பியது.

“சேர், எஞ்சின் சூடேறிட்டு. கொஞ்சம் ஆற வெச்சித்தான் எடுக்கணும்” என்றார் ரிஸ்வான். அப்போது மணி ஒன்று நாற்பது.

அரை மணி நேரம் ஆற வைத்தோம். தண்ணீர் ஊற்றினோம். நூறு மீட்டர் போனதும் மறுபடியும் ஆவி. பாவம், ரிஸ்வானுக்கு முகமே செத்துவிட்டது. ஓடிப்போய், தம்பிலி என்று அங்கே சொல்லும் செவ்விளநீர் மூன்று வாங்கி வந்தார். கலைவாணி ஒன்றைக் குடித்துவிட்டு, மற்ற இரண்டையும் பையில் வைத்துக்கொண்டு, மதகுச் சுவரில் உட்கார்ந்துவிட்டாள்.

“சேர், வேற வாகனம் ஒண்டு கூப்புடவா?”

“இந்த வளைவுல இனிமே கார், வேன், ஆட்டோ எதுலயும் ஏறமாட்டேன்” என்றாள் அவள். “நடந்து வேணா வர்றேன். நீங்க அந்த ஐயாவுக்கு போன் போடுங்க. வீராப்பெல்லாம் போதும்.”

அப்பா இருந்திருந்தால் முதல் நாளே வந்து இறங்கியிருப்பார். தம்பிக்கு அமைந்த ஒரு நல்ல காரியத்தை நான் நடுரோட்டில் நிறுத்திவைத்திருக்கிறேனே! போன் போட்டேன். முத்தையா முழுசாகக் கேட்டார். ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை.

“பக்கத்துலதான் ஸ்டேசன். அம்மாவ மெதுவா நடத்திக் கூட்டிட்டு வாங்க. மூணு அஞ்சுக்கு ஒரு கோச்சி இருக்கு. கோச்சியில அவங்களுக்கு ஒண்ணும் ஆகாது. நான் இப்பவே வாறேன்.”

கோச்சி என்றால் அங்கே ரயில். “ஐயா, நீங்க எதுக்கு...”

“வேன மச்சான் திருப்பிக் கொண்டு போயிருவான். நான் உங்களோட கோச்சியில வாறேன். அது உங்க வீட்டு வண்டியும் இல்ல, எங்க வீட்டு வண்டியும் இல்லதானே?”

எனக்கு எதற்காக அந்த வேன் கசந்தது என்று அவருக்குப் போன் பண்ணிய அன்றைக்கே தெரிந்திருக்கிறது! வெட்கத்தில் காது சுட்டது. ரிஸ்வான் கண்டி வரைக்குமான காசை வாங்கவே மாட்டேன் என்றார்; பேசிய தொகையை நான் அவர் சட்டைப் பையில் திணித்துவிட்டு வந்தேன். ஆள் மேல் குற்றமில்லை, சின்னக் காரில் பெரிய மலை ஏற நினைத்தது நான்.

மூன்று மணிக்கு முத்தையா ஸ்டேஷனுக்குள் வேட்டி சட்டையில் வேர்க்க விறுவிறுக்க வந்தார். வரும்போதே மூன்று டிக்கெட் எடுத்து வந்திருந்தார். மூன்றாம் வகுப்பு, ஆளுக்கு நூறு ரூபாய் கூட ஆகவில்லை. ரயில் மூன்று இருபதுக்கு வந்தது. நல்ல கூட்டம். ஜன்னல் ஓரம் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த ஒரு சிங்கள அம்மா நகர்ந்து கலைவாணிக்கு இடம் கொடுத்தார். காற்று முகத்தில் அடித்ததும் அவளுக்கு உயிர் வந்துவிட்டது. பத்தாவது நிமிஷத்தில், கூடையோடு வந்த வடைக்காரரிடம் வடை கேட்டாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

பேராதனைக்கு முன்னால் ரயில் நின்றது. எதிரே வரும் ரயிலுக்கு வழிவிட நிற்கிறதாம். இரண்டு பக்கமும் புதர். இறங்கினாலும் போக இடமில்லை. மூன்றே முக்கால். மூன்று ஐம்பத்தைந்து. நாலு மணிக்கு, தோஹாவிலிருந்து நேரே கண்டிக்கு வந்து ஹோட்டலில் காத்திருந்த குமரன் போனில் கிட்டத்தட்ட அழுதான்.

“அண்ணே, எங்க இருக்கீங்க? எல்லாரும் கதிரையில உக்காந்து வாசலையே பாத்துட்டிருக்காங்க.” கதிரை என்கிறான், அதற்குள் மாமனார் ஊர்ப் பேச்சு!

முத்தையா கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். என்னைப் பார்க்கவில்லை. நானும் அவரைப் பார்க்கவில்லை. அப்போது கலைவாணி வாயில் இருந்த வடையை விழுங்கிவிட்டுச் சொன்னாள்:

“ஏங்க, தட்டு மாத்துறது யாரு? பொண்ணும் மாப்பிள்ளையுமா? சம்பந்திங்க ரெண்டு பேருதானே? அந்த ரெண்டு பேரும் இங்கதானே நிக்கிறீங்க!”

நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். முத்தையா முதலில் சிரித்தார்.

“அம்மா சொல்றது சரிதானே தம்பி. நிச்சயத் தாம்பூலம்னா அதுதானே.”

திருச்சியிலிருந்து கொண்டுவந்த வெள்ளித் தட்டு என் கைப்பையில்தான் இருந்தது. மஞ்சள், குங்குமம், கற்கண்டு, சேலை எல்லாம் இருந்தன. தேங்காய் இல்லை; தம்பிலி இருந்தது, இரண்டு. வெற்றிலை இல்லை. முத்தையா அந்த சிங்கள அம்மாவிடம் சிங்களத்தில் என்னவோ சொன்னார். அந்த அம்மா “அனே!” என்று கன்னத்தில் கைவைத்தார். பிறகு மடியிலிருந்த பொட்டலத்தைப் பிரித்து, நல்ல இலையாகப் பொறுக்கி, இரண்டு கையாலும் நீட்டினார். முத்தையாவுக்குத் தட்டு? வடைக்காரர் கேட்காமலே தன் கூடை மூடியைக் கழற்றி, கட்டியிருந்த சாரத்தில் துடைத்துக் கொடுத்தார்.

நாலு எட்டுக்கு, ஓடாமல் நின்ற ரயிலில், என் வெள்ளித் தட்டை அவரும் அவருடைய வடை மூடியை நானும் வாங்கிக்கொண்டோம். “உங்க பொண்ணை எங்க வீட்டுக்குக் கேட்டு வந்திருக்கோம்” என்று சொல்லும்போது எனக்குக் குரல் உடைந்துவிட்டது. “குடுத்தேன் சம்பந்தி” என்றார் அவர். அந்த வார்த்தையை அன்றைக்குத்தான் முதல் தடவை சொன்னார். பெட்டி முழுக்கக் கை தட்டினார்கள். போனில் கேட்டுக்கொண்டிருந்த ஹோட்டலிலும் கை தட்டுவது கேட்டது. சந்தோஷத்தில் வடைக்காரரின் கூடையில் இருந்தது அத்தனையும் நான் வாங்கி எல்லோருக்கும் கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் ரயில் நகர்ந்தது.

ஹோட்டலுக்குப் போய்ச் சேரும்போது நாலு ஐம்பது. கண்டி ஸ்டேஷனிலிருந்து பத்து நிமிஷ நடைதான், பெட்டியோடு கூட நடந்துவிடலாம். ராகு காலம் என்பதால் யாரும் எதுவும் தொடங்கவில்லை. தொடங்க எதுவும் மிச்சமும் இல்லை. டீ குடித்தோம், கேக் சாப்பிட்டோம், தர்ஷினி கலைவாணியின் மடியில் சாய்ந்து போட்டோ எடுத்துக்கொண்டாள். ஆறு மணிக்கு மேல் மோதிரம் போட்டார்கள்.

போகப்போகிறவர்களுக்கு: நேரம் இருந்தால் கொழும்பு கோட்டை போய் ரயில் பிடியுங்கள், மலை ஏறும்போது வலது பக்க ஜன்னல் கிடைத்தால் பாக்கியம். அவசரமென்றால் கார்தான், ஆனால் கொஞ்சம் பெரிய காராகப் பாருங்கள், மூன்றரை மணி நேரம் என்று சொன்னால் ஐந்து என்று வைத்துக்கொள்ளுங்கள். மலைப்பாதையில் தலை சுற்றுகிறவர்கள் கூட இருந்தால் காரைப் பற்றிப் பேசவே பேசாதீர்கள். திரும்பும்போது நாங்கள் சம்பந்தி வேனில்தான் வந்தோம், கலைவாணி முன் சீட்டில் எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு. ஒன்றும் ஆகவில்லை.

கல்யாணம் தையில், திருச்சியில். போன வாரம் முத்தையாவிடம், “விமான நிலையத்துக்கு நானே கார் எடுத்துக்கிட்டு வந்துடறேன் சம்பந்தி” என்றேன்.

“வேணாங்க சம்பந்தி. தாலி கட்டுறதுக்கு முன்னுக்கு மாப்பிள்ள வீட்டு வண்டியில வந்து எறங்கினா எங்க ஆளுங்க சிரிப்பாங்க. டவுன் பஸ் இருக்குதானே?”

இருக்கிறது. விமான நிலைய வாசலிலேயே நிற்கும். அன்றைக்கு நானும் அவர்களோடு அதில்தான் ஏறுவேன்; எல்லோருக்கும் டிக்கெட் நான்தான் எடுக்கப் போகிறேன்.