நாலு பலகை சேர்ந்த மேசைக்கால்

மரவேலையில் ஒரு நூல் அளவு தப்பினால் போதும், மரம் ஊருக்கே நம்மைக் காட்டிக்கொடுத்துவிடும். பட்டறை வைத்து அல்லாடும் உங்களுக்குத் தெரியாததா? போடியில் எங்கள் பட்டறையில் பாலீஷ் போடுவதுதான் என் வேலை. வீட்டுக்காரர் மணிக்கட்டை உடைத்துக்கொண்டு மாவுக்கட்டோடு உட்கார்ந்த இரண்டு மாதமும் ரம்பம் என் கைக்கு வந்தது.

மில்லுக்குக் கொடுத்த சீட்டு

மலையில் ஏலத்தோட்டம் வைத்திருக்கும் ஜெயினம்பு அக்கா, மகள் நிச்சயத்துக்குச் சாப்பாட்டு மேசை கேட்டார். தோட்டத்தில் காற்றுக்குச் சாய்ந்த பலாமரத்தில்தான் செய்ய வேண்டும் என்றார். அறுவை மில்லுக்கு நான்தான் சீட்டு எழுதினேன். பலகைக்கு ஒரு அங்குலம் என்று எழுதியவள், காலுக்கு மூன்று அங்குலக் கட்டை வேண்டும் என்பதை விட்டுவிட்டேன். மொத்த மரமும் பலகையாக வந்து இறங்கியது. வேறு மரத்தில் கால் வைத்தால் நிறமே சொல்லிவிடும். அழுதுகொண்டே வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை.

"பலகையா வந்தா என்ன புள்ள? நாலச் சேத்தா ஒரு காலு."

நாலாவது மூலை

பலகையின் இரண்டு ஓரத்தையும் நாற்பத்தைந்து டிகிரி சாய்த்து அறுத்து, நான்கைப் பெட்டிபோல மடக்கி ஒட்ட வேண்டும். உள்ளே வெறும் கூடு, வெளியே முழுக் கட்டை மாதிரி தெரியும். ஏழாம் வகுப்போடு நின்ற எனக்கு டிகிரி என்றால் காய்ச்சலுக்குப் பார்ப்பதுதான். கழிவுத் துண்டில் செய்து பார்த்தேன். மூன்று மூலை ஒட்டிக்கொண்டது, நாலாவது பிளந்து நின்றது. அந்த ஒரு மூலையையே தேய்த்துத் தேய்த்துச் சலித்துப்போனேன். வீட்டுக்காரர் வாங்கிப் பார்த்தார்.

"அது மேல குத்தமில்ல. நாலும் கொஞ்சங் கொஞ்சம் தப்பு பண்ணிருக்கு, கடைசி ஆளு மாட்டிக்கிட்டான்."

டியூபுக் கட்டு

ரம்பத்தின் சாய்வைத் திருத்தியதும் மூலைகள் கூடின. பசை காயும்வரை இறுக்கிப் பிடிக்க வேண்டுமே, எங்களிடம் இருந்த கிளாம்பு ஒரு காலுக்குக்கூடப் பற்றாது. பக்கத்துப் பஞ்சர் கடை அண்ணன், கேட்காமலே பழைய சைக்கிள் டியூபுகளை நாடாவாகக் கிழித்துக்கொண்டுவந்தார். அவரே நான்கு காலையும் மேலிருந்து கீழ்வரை சுற்றி இறுக்கினார். பிறகு வீட்டுக்காரரின் கையைப் பார்த்தார், மேசைக்காலைப் பார்த்தார்.

"என்ன மதினி, இந்த வீட்ல எல்லாருக்கும் கட்டுப் போட்டாச்சு போலயே!"

தட்டிப் பார்த்தார்கள்

மேசையை எடுக்க ஜெயினம்பு அக்கா தம்பியோடு வந்தார். தம்பி விரலால் காலைத் தட்டினார். கூடு சத்தம் கேட்டது. சீட்டில் நான் செய்த தப்பு முதல் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். "பிடிக்கலைனா விட்ருங்கக்கா" என்றும் சொல்லிவிட்டேன். மரம் அவருடையது, ஈடு கொடுக்க அதுபோல இன்னொன்றுக்கு நான் எங்கே போவேன்?

அக்கா குனிந்து காலைத் தடவினார். ஒரே பலகையிலிருந்து அறுத்த நான்கையும் வரிசை மாறாமல் மடக்கியிருந்ததால் மரத்தின் ரேகை மூலை திரும்பி அப்படியே ஓடியது. நிமிர்ந்தவர், செருப்பைக் கழற்றிவிட்டு மேசைமேல் ஏறி உட்கார்ந்தார். இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்தார்.

"என்னையே தாங்குது, பிரியாணிச் சட்டியத் தாங்காதா? தம்பி, ஜீப்பக் கொண்டா, வெரசா ஏத்து!"

நிச்சயம் நல்லபடியாக முடிந்து அந்த வீட்டுச் சாப்பாடு எங்களுக்கும் வந்து சேர்ந்த பிறகும், போன் அடித்தாலே கால் பிளந்துவிட்டதோ என்று பதறுகிறேனே, இத்தனை நல்ல மனிதர்கள் வாய்த்தும் நிம்மதியாக இருக்கிற தொழிலை மட்டும் நான் இன்னும் படிக்கவில்லை.