கனகராஜ் அண்ணனின் கைத்தொலைபேசி

அன்றைய விருந்தினர் வருகையைப் பற்றிக் காலைக் கூட்டத்தில் பேசிக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. "கனகராஜ் அண்ணன் போயிட்டாருங்க மிஸ்," என்றார் வாசல் காவலில் இருக்கும் யோகன். மாரடைப்பு. மஸ்கெலியாவில் அவர் வீட்டில், வேலைக்குப் புறப்படச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தபோது. பழைய தேயிலைத் தொழிற்சாலையை ஹோட்டலாக்கிய நாள் முதல் கட்டடப் பராமரிப்பு அவர் பொறுப்பு. வரவேற்புப் பகுதி என் பொறுப்பு.

அவரோடு வேலை செய்த உங்களுக்கு அவர் வாயைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. தீப்பிடித்தால் தண்ணீர் தெளிக்கக் கூரையெங்கும் ஓடும் ஸ்பிரிங்ளர் குழாய்களைப் புதியவர்களுக்குக் காட்டி, "தண்ணி ஓடுதுன்னு மணி அடிச்சா தீ. வால்வு மூடியிருக்குன்னு மணி அடிச்சா நம்மள்ல ஒருத்தன் மடையன். ரெண்டுக்கும் ஓடணும்," என்பார். ஒன்றில் மட்டும் அவர் விளையாடியதில்லை. "மணி அடிச்சா போதாதுங்க. அது காதுல விழுற எடத்துல எப்பவும் ஒரு ஆள் இருக்கணும்."

அந்த ஆள் வரவேற்பில் இருந்திருக்க வேண்டும். விருந்தினர் முகம் சுளிக்கிறார்கள் என்று மணியின் சத்தத்தைக் குறைக்கச் சொன்னவள் நான். எந்நேரமும் கண்காணிக்கும் கொழும்பு நிலையமொன்றோடு அந்த மணியை இணைப்பதை நிர்வாகம் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தது. சண்டை போட்டுப் பார்த்தவர், கடைசியில் எச்சரிக்கை தன் கைத்தொலைபேசிக்கே வரும்படி செய்துகொண்டார். இரண்டாவது எண்ணாக என்னுடையதைக் கேட்டார்.

"பிள்ளைங்க படிக்கிற நேரம் அண்ணே, பெறகு பாப்போம்."

"சரி விடுங்க, எம் பொண்டாட்டி மட்டும் என்னைய வையட்டும்," என்று சிரித்தார். அதன்பின் அவர் கேட்கவில்லை. நானும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

ஊழியர்கள் எல்லாரும் கதிர்காமம் போனபோது எங்களை பஸ் ஏற்றிவிட மட்டும் வந்தார். வழியில் சிக்னல் கிடைக்காத இடங்கள் உண்டாம். "நான் வந்தா இந்தப் போனுக்கும் ஒரு சீட்டுப் போடணும்." பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன்.

செய்தி வந்த அன்றே இழவு வீட்டுக்குப் போனோம். அவர் மனைவி வசந்தா அக்கா அந்தத் தொலைபேசியை என்னிடம் நீட்டினார். "காலையிலருந்து விடாம அடிக்குது. கட் பண்ணிக் கட் பண்ணிப் பாத்துட்டேன். ஒங்க ஹோட்டல் போலருக்கு. யாராச்சும் பேசுங்கம்மா."

பதிவுசெய்த குரலொன்று ஆங்கிலத்தில் சொன்னது: பிரதான வால்வு மூடியிருக்கிறது.

பக்கத்தில் நின்ற குழாய் வேலை சிவாவிடம் அதைச் சொன்னேன். "நாந்தான் மிஸ். சமையலறைப் பக்கம் ஒழுகுச்சு. மூடிட்டு வேல செஞ்சுக்கிட்டு இருந்தேன். சேதி கேட்டதும் அப்படியே பஸ் ஏறிட்டேன்."

அறைகள் எல்லாம் நிறைந்திருந்தன. மரத்தளம். கூரைக் குழாய்களுக்குத் தண்ணீர் இல்லை. ஹோட்டல் வாசலில் இருந்த யோகனைத் தொலைபேசியில் அழைத்தேன், ஓடிப்போய்த் திறந்தார். அதுவரை அந்த இயந்திரம், கூடத்தில் கிடத்தியிருந்தவரைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. உயிரோடிருந்த எங்களில் ஒருவர் எண்ணும் அதற்குத் தெரியாது.

அடுத்த வாரம் எண்ணை மாற்ற வந்த டெக்னீசியன், "மொதல்ல யாரப் போடுறது?" என்று கேட்டார். என் எண்ணைச் சொன்னேன். இரண்டாவது, சிவா. மணியின் சத்தத்தையும் கூட்டச் சொன்னேன். கொழும்பு இணைப்புக்காக நிர்வாகத்தோடு இப்போது நான் சண்டை போடுகிறேன்.

கருமாதியன்று வசந்தா அக்காவிடம், இனி அழைப்பு வராது என்று சொன்னேன். திட்டுவார் என்று நினைத்திருந்தேன்.

"நல்லதும்மா. இத்தன வருசமும் அவரோட சேந்து நானும் முழிச்சுக்கிட்டுத்தான் கெடந்தேன். இப்பத்தான் விடிய விடியத் தூங்குறேன். அப்படித் தூங்கி எந்திரிக்கிறப்பதான் ஆளு இல்லேங்கிறது தெரியுது."

அவரிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டிருப்பது அழைப்புப் பட்டியலில் அந்த முதல் இடம். அவர் கேட்டபோதே இரண்டாவதாக நின்று இரவுகளைப் பங்கிட்டிருந்தால், அந்த வீட்டில் இருவரும் சில இரவுகளாவது சேர்ந்து தூங்கியிருப்பார்கள்.