அப்பாசாமி வாத்தியாரின் மதிப்பெண் கணக்கு

“தம்பி, இதுவரைக்கும் ஒனக்கு எவ்வளவு தேறும்?”

வகுப்பு கலைந்ததும் அப்பாசாமி வாத்தியார் என்னிடம் இப்படித்தான் கேட்பார். எனக்கு எவ்வளவு தேறும் என்றும் தெரியாது. அது அவருக்கு எதற்கு என்றும் தெரியாது.

ஜப்பான்காரன் ஆட்சியின் இரண்டாம் வருஷம் அது. எங்கள் ஊர் காஜா பெராங்கில் மூடிக் கிடந்த ஒரு பள்ளிக்கூடத்தில் மாலைதோறும் நிப்பொங்கோ, அதாவது ஜப்பானிய மொழி வகுப்பு நடந்தது. வாத்தியார்களும் குமாஸ்தாக்களும் அதில் தேறினால்தான் வேலையும் அரிசிப் பங்கும் நிலைக்கும். பள்ளிப் படிப்பு பாதியில் நின்றுபோன நான், ஏதாவது வேலை கிடைக்காதா என்று போய் உட்கார்ந்தேன்.

அப்பாசாமி வாத்தியாரும் அங்கே எங்களைப் போலப் படிக்க வந்தவர்தான்; நாற்பது வயது இருக்கும். காக்கிக் கால்சட்டை, இஸ்திரி போட்ட சட்டை, காலில் மட்டும் மரக்கட்டைச் செருப்பு. வாரச் சோதனைகளுக்குப் பாதி மதிப்பெண், கடைசிச் சோதனைக்குப் பாதி. ஆள்காட்டி விரலை நாக்கில் தொட்டு, பெஞ்சுப் பலகையில் கூட்டிப் பார்ப்பார். ஈரம் காய்வதற்குள் விடை வந்துவிடும். “ம்… இப்போதைக்கு மோசமில்ல” என்று முணுமுணுத்துக்கொள்வார்.

அவர் பின்னால்தான் எனக்கு இடம். சோதனையில் மளமளவென்று சரியாக எழுதுவார். பிறகு அழிப்பானாக வைத்திருந்த ரப்பர் மரத்து ஒட்டுப்பால் உருண்டையால் நாலைந்து விடைகளை அழித்துவிட்டுத் தப்பாக எழுதிவைப்பார்.

ரயில்வே குமாஸ்தா மருதமுத்துவிடம் இதைச் சொன்னேன்.

“தெரிஞ்சத எவனாச்சும் அழிப்பானாடா? இந்த ஆளு பாஸாக வரல. நம்மள எடைபோட வந்திருக்காரு.”

பக்கத்துத் தெங்கேராவில் மளிகைக் கடை வைத்திருந்த குடும்பத்துப் பையன் கபீர் குரலைத் தாழ்த்தினான். “ஆமாண்ணே. எவன் கடைசியோ அவன் பேரு மேல போவுது. அப்புறம் சயாமுக்கு ரயில் பாதை போடப் போக வேண்டியதுதான்.”

சயாமுக்குப் போன யாரும் திரும்பி வந்ததாக நாங்கள் கேள்விப்படவில்லை. அதனால் வாத்தியார் கேட்டால் கூட்டியே சொல்வது என்று முடிவாயிற்று. மருதமுத்து எழுபது என்றார். கபீர் ஒருபடி மேலே போய் எண்பது என்றான்.

“பலே! நல்லாத்தான் படிக்கிறீங்க” என்பார் வாத்தியார். வாய் மெச்சும், முகம் வாடும். மறுபடியும் விரலை நனைப்பார். அதற்குப் பிறகு ஒட்டுப்பால் உருண்டைக்கு வேலை குறைந்தது. கடைசிச் சோதனையில் அவர் அதை எடுக்கவே இல்லை. மருதமுத்து அதையும் சந்தேகப்பட்டார்.

ஜப்பானிய ஆசிரியர் முடிவை வாசித்தபோது முதல் பெயர் அப்பாசாமி. எல்லோரையும் கைதட்டச் சொல்லி, அவர் சட்டையில் ஒரு சின்னத்தைக் குத்தினார். திங்கட்கிழமை முதல் ராணுவப் போலீசில் மொழிபெயர்ப்பாளர் வேலை என்றார். அந்தக் கட்டடத்தில் விசாரணை என்று என்ன நடக்கும் என்பது ஊருக்கே தெரியும். அலறல் தெருவரைக்கும் கேட்கும்.

வெளியே வந்ததும் மருதமுத்து கிண்டலடித்தார். “என்ன வாத்தியாரே, மொத மார்க்கு! எங்களுக்குக் காப்பி உண்டா?”

“மருது, அன்னிக்கு எழுபதுன்னீங்களே. நெசமா எவ்வளவு?”

மருதமுத்துவின் சிரிப்பு நின்றது. “நாப்பது.”

“கபீரு?”

“அம்பதுக்குள்ளதான் வாத்தியாரே.”

வாத்தியார் சுவரில் கையை ஊன்றிக்கொண்டார். “போன வகுப்புல மொதல்ல வந்தவன எங்க கொண்டுபோனாங்கன்னு எனக்குத் தெரியும். அடிக்கிறவன் பக்கத்துல நின்னு மொழிபெயர்க்கணும். கடைசில வந்தா சயாமு. நடுவுல எங்கியாச்சும் நின்னுக்கலாம்னுதான்பா ஒங்க எல்லாரையும் கேட்டேன். கூட்டிச் சொல்லிட்டீங்களே.”

நாலு பேரும் சேர்ந்தே நடந்தோம்.

சந்தியில் துப்பாக்கியோடு நின்ற ஜப்பானியச் சிப்பாயைக் கண்டால் குனிந்து வணங்கித்தான் தாண்ட வேண்டும். வாத்தியாரின் சட்டையில் இருந்த சின்னத்தைப் பார்த்ததும் அவன் சிரித்து, நீ போகலாம் என்று கையசைத்தான். வாத்தியார் போகவில்லை. எங்களோடு வரிசையில் நின்று குனிந்தார். நாங்கள் நிமிர்ந்தோம். அவர் நிமிரவில்லை.

இன்றும் அவர் காஜா பெராங்கில்தான் இருக்கிறார். ஜப்பான்காரனிடம் ஆசைப்பட்டுப் போய்ச் சேர்ந்தவர் என்று அவரைப் பற்றி யாராவது பேசினால், படிக்கிற நீங்கள் தயவுசெய்து இதை அவர்களுக்குச் சொல்லுங்கள்.